பூனை அளவு வாசல்

மார்கழிப் பனி இறங்கியதும் எஸ்தர் டீச்சர் ஒரு பழைய பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். பக்கவாட்டில் சாஸரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, அந்த அளவுக்கு வாசல் வெட்டினார். உள்ளே வைக்கோலைத் திணித்தார். எல்லாம் தெருப்பூனை சாம்பிக்காக.

காவல்நாய் மேஜருக்கு வயிறு எரிந்தது. அதற்குச் சிமெண்டுக் கூண்டு இருந்தது, கூண்டுக்குள் கம்பளியும் இருந்தது. இருந்து என்ன? ஏழு வருஷமாகத் தொண்டை கிழியக் குரைப்பது யார்? ஓசிச் சோறு தின்கிறவளுக்குப் புது வீடா?

டீச்சர் உள்ளே போனதும், "இது எனக்கு!" என்று உறுமியது.

"எடுத்துக்கோங்கண்ணே," என்று சாம்பி ஒதுங்கிக்கொண்டது.

மேஜர் முட்டி மோதித் தலையை நுழைத்துவிட்டது. தோள் போகவில்லை. பின்வாங்கப் பார்த்தால் காது மாட்டியது. தலை வைக்கோலில், மிச்ச உடம்பு பனியில்.

நிற்க இடமில்லாத சாம்பி, காலியாகக் கிடந்த கூண்டில் ஏறிக் கம்பளியில் சுருண்டது. பாவமாக இருக்கவே கேட்டது: "அண்ணே, உள்ளே எப்படி இருக்கு?"

மேஜரின் பின்னங்கால்கள் வெடவெடத்தன.

"சொர்க்கம்!" என்றது பெட்டிக்குள்ளிருந்து குரல். "உனக்கெல்லாம் கொடுத்து வைக்கலை."