ஜோடி போட்டாத்தான்

"நோவு அவருக்கு, தண்டனை எனக்கா? எந்த ஊரு நியாயம் டாக்டரம்மா இது?"

கே.கே. நகர் பிசியோதெரபி கிளினிக்குக்குள் நுழைந்ததுமே முத்துமீனா பொரிந்து தள்ளினாள். பிசியோதெரபிஸ்ட் மதுவந்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா. சார் எங்க?"

"வெளிய செருப்பைக் கழட்டுறாரு. உள்ள வந்து சேர நேரமாகும்."

முத்துமீனாவின் வீட்டுக்காரர் வெள்ளைத்துரைக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும். நடக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றுபோகும். மாத்திரையோடு தினமும் பயிற்சியும் வேண்டுமாம். நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். காலில் மணல் பையைக் கட்டித் தூக்க வேண்டும்.

நல்ல விஷயம்தான், யார் வேண்டாமென்றது? ஆனால் மனுஷன் வீட்டில் தனியாகச் செய்யவே மாட்டார். "நீயும் கூடச் செய்யி மீனா, அப்பத்தான் எனக்கு வரும்" என்பார். அடுப்பில் குக்கர் கத்தினாலும் விடமாட்டார். அவர் காலில் மணல் பை ஏறினால் இவள் காலிலும் ஏற வேண்டும்.

"முதுகு தேச்சுவிட்டு, சட்டைக்குப் பட்டன் போட்டு, சோறாக்கிப் போட்டு, ஓஞ்சு போறேன் டாக்டரம்மா. இம்புட்டுக்கும் மேல நான் வேற உக்காந்து எந்திரிக்கணுமாம். 'அங்கிளுக்கு ஈவு இரக்கமே இல்லையா'ன்னு பக்கத்து வீட்டு பவதாரிணியே கேக்குது. இனிமே என்னால ஆகாது. நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா சண்டை வரும்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மதுவந்தி வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க அவருக்கு யாரும்மா ஜோடி? தனியாத்தான் செய்றாரு. வர்றவங்கள்லயே அவர்தான் கெட்டி."

முத்துமீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப வீட்டுல நடிப்பா? இந்த வயசுல என்னைய வச்சு வேடிக்கை பாக்குறாராக்கும்!"

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. நீங்க அழறதப் பாத்தா சொல்லாம இருக்க முடியலை. போன வருஷம் நீங்க வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சப்போ, எலும்பு தேஞ்சிருக்கு, எடை தூக்கிப் பயிற்சி செய்யணும்னு உங்க டாக்டர் சொன்னாராமே?"

"ஆமா, சொன்னாரு. வீட்டு வேலை பாக்குறவளுக்கு அதெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அதத்தாம்மா சாரும் சொன்னாரு. 'அவளுக்காகன்னா எங்க வீட்டம்மா ஒருநாளும் செய்யமாட்டா டாக்டரம்மா. எனக்காகன்னா, முடியாட்டியும் செஞ்சிருவா'ன்னு."