விரல் போன வழி

மார்கழிக் குளிரில் ஜாடிக்குள் உறைந்து கிடந்த தேங்காய் எண்ணெயை ஆள்காட்டி விரலால் தோண்டியெடுத்துத் தலையில் தடவிக்கொண்டு யாமினி கல்லூரிக்குக் கிளம்பினாள். அன்று அவள் போன பேருந்து கவிழ்ந்தது. அவளுடைய மெல்லிய விரல் போன வழி மட்டும் எண்ணெயில் குழியாக நின்றது. வெயில் ஏறினால் உருகி மட்டமாகிவிடுமே என்று, இயற்பியல் ஆசிரியரான அவள் அப்பா சபேசன் ஜாடியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார்.

கோடை வந்தது. திறந்து பார்க்கும்போதெல்லாம் குழி சற்று அகன்று, ஆழம் குறைந்திருப்பதாக அவருக்குப் பட்டது. மெக்கானிக்கை வரவழைத்தார். ஃப்ரிட்ஜில் ஒரு குறையும் இல்லை என்றான்.

ஒருநாள் காலை, மனைவி வனஜா சமையலறைத் தரையில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் குழிக்குள் இருந்தது.

"தெனமும் கொஞ்ச நேரம் இப்படி வெச்சிருப்பேன். பயப்படாதீங்க, உருகல. உள்ள இன்னும் சில்லுன்னுதான் இருக்கு."

உருகுகிற பொருள் முழுக்க உருகித் தீரும்வரை சூடேறாது, கொடுக்கிற சூடெல்லாம் உருகுவதற்கே போய்விடும் என்பது அவர் வருடந்தோறும் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கும் பாடம். சொல்ல வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா, உருகல."

"நீங்களும் வெச்சுப் பாருங்க. அவ கையத் தொட்ட மாதிரியே இருக்கு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் தடித்த விரலை உள்ளே விட்டார். பக்கங்களில் எங்கும் படாமல் அது இறங்கியது.