கிரீஸ் பூசிய சட்டை

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று, துவைத்து மடித்த சட்டையில் கிரீஸைத் தடவிக்கொண்டிருந்தான் லிஃப்ட் மெக்கானிக். காலரில் கொஞ்சம், வயிற்றில் கொஞ்சம், முழங்கையில் தாராளமாக. படிய வாரியிருந்த தலையையும் கலைத்துவிட்டுக்கொண்டான். கண்ணாடியில் பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது.

வீட்டுக்குப் போகுமுன் ஒருவன் இவ்வளவு பாடுபட்டால் பொம்பளை விவகாரம் என்றுதானே நினைப்போம்? அந்தத் தைரியமெல்லாம் நம்ம ஆளுக்குக் கிடையாது.

மாதம் ஒருமுறை அவன் எல்லையைத் தாண்டி, பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்டுகளைச் சரிபார்க்க வேண்டும். கம்பெனி உத்தரவு. முதல் தடவை முணுமுணுத்துக்கொண்டேதான் போனான். போனால், ஏரியைப் பார்த்த மாதிரி மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். வேலையும் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

மிச்ச நேரத்துக்கு ஏரிக்கரை பெஞ்சில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கினான். பொதுக் குளியல் கூடத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு கிடந்தான். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைத் தெருவில் நடந்துகொண்டே தின்றான். குழாய் ஒழுகுது, கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. போனையும் அணைத்துப் பையில் போட்டுவிட்டான். இப்படி ஒரு சுகம் உலகத்தில் இருப்பதே அவனுக்கு அதுவரை தெரியாது.

அன்றிலிருந்து அரை நாள் வேலை வீட்டுக் கணக்கில் இரண்டு நாள் வேலை ஆயிற்று. உண்மையைச் சொன்னால் மறுமாதமே மனைவியும் மகளும் மூட்டை கட்டிவிடுவார்களே!

"எப்படிங்க இருந்துச்சு அந்த ஊரு?"

"ஊரா அது? நரகம். ராத்திரி பூரா மூட்டைப்பூச்சி. தண்ணிய வாயில வைக்க முடியல. போன்ல சிக்னல்கூடக் கிடையாது."

அவள் உச்சுக்கொட்டியபடி அவன் சட்டையை ஊறப்போட்டாள்.

போன மாதம் கிளம்பும்போது மகள் வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். "நானும் வரேம்ப்பா. லிஃப்ட்ல ஏறணும்."

"ஒரு தடவைதான் கூட்டிட்டுப் போங்களேன்" என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டான். "எங்க கூட்டிட்டுப் போறது? நான் தங்குறதே அந்த ஆஸ்பத்திரியிலதான். ஒரே ஊசிய பத்துப் பேருக்குக் குத்துறான். உள்ள போனவன் எவனும் நடந்து வெளிய வந்து நான் பார்த்ததில்ல. அங்க போயா புள்ளைய விடுவே?"

தரையில் முகம் பார்க்கலாம், அந்த ஆஸ்பத்திரியில். மனைவிக்கு முகமே வெளுத்துவிட்டது. "எங்களுக்காக இப்படிக் கஷ்டப்படணுமா? அந்த வேலைய விட்டுத் தொலைங்களேன்" என்று அழுதாள். பஸ் ஏறுகிற வரைக்கும் அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்தத் தடவை மனசு கேட்காமல் மகளுக்காக, சாவி கொடுத்தால் ஓடும் தகர வாத்து ஒன்று வாங்கியிருந்தான். அந்த நாட்டுக் கடையின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தாயிற்று. நம்ம பஸ் ஸ்டாண்டில் வாங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு டெய்லர் கழுத்தில் தொங்கும் டேப்போடு ஓடிவந்தார்.

"எங்கப்பா போய்த் தொலைஞ்சே? நேத்து சாயங்காலத்துலேருந்து உனக்கு போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டோம். வாலு மாடிப்படியில உருண்டுட்டா. நம்ம மார்க்கெட் ஆஸ்பத்திரிக்கு ஓடு."

ஓடினான். மார்க்கெட் ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் மகளின் ஒற்றைச் செருப்பு இருந்தது. அழுது முடித்த முகம்.

"நம்ம வாலு போயிட்டா" என்றாள். "விடியும்போது போயிட்டா."

அவன் கையிலிருந்து பை விழுந்தது. உள்ளே வாத்து கிர்ரென்று கொஞ்சம் ஓடி நின்றது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"டாக்டருங்க என்னதான் பண்ணிட்டிருந்தாங்க?" அவனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்குன்னாங்க. அதுக்கு ஆபரேஷன் பண்ண இங்க ஆள் இல்லையாம்."

"வேற எங்கயாவது கொண்டுபோக வேண்டியதுதானே?"

"அதைத்தாங்க அவங்களும் சொன்னாங்க. எல்லை தாண்டினா ஏரிக்கரையில ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, ஒரு மணி நேரத்துல போயிடலாம், புள்ள கண்டிப்பா பொழைச்சுக்கும்னு இங்க இருக்குற டாக்டரம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு கெஞ்சினாங்க. ஆம்புலன்ஸ்கூட வாசல்ல வந்து நின்னுச்சு."

 

அவள் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் காலரில் இருந்த கிரீஸைக் கையாலேயே துடைத்துவிட்டாள். பிறகு அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அந்த நரகத்துல கிடந்து சாகாம, என் மடியிலயே போனா. நீங்க மட்டும் சொல்லி வைக்கலைன்னா, நான் அனுப்பியிருப்பேங்க."