கொழும்புக் கணக்கோடு போனவள்

"பிழை என்ரைதான், முதலாளி," என்றாள் அற்புதராணி.

அதைக் கேட்டதும் முத்துக்குமாருவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. பெரியகடைத் தெரு முதலாளிமார் எல்லாரும் கையில் சர்பத்துக் கிளாசோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சித்திரை வருசப் பிறப்பு, புதுக்கணக்குத் தொடங்குகிற நல்ல நேரம். கொம்பியூட்டரோ, கணக்குத் தட்டை வாசிக்க முடியாது என்று ஒற்றை வரி எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா நின்றது.

ஆணிப் பெட்டி சுமந்து மேலே வந்தவர் முத்துக்குமாரு. இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு இரும்புக்கடை, கொழும்பில் ஒரு இரும்புக்கடை. இரண்டு கடைக் கணக்கையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்து காட்டுகிறேன் பாருங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். காலமை பூசை முடித்து, தராசு, காசு லாச்சி, கொம்பியூட்டர் என்று மேசையில் இருந்த சாமான் ஒன்றும் விடாமல் பொட்டு வைத்து, நேரம் பார்த்து எல்லாரையும் கூப்பிட்டவர்.

கொழும்புக் கணக்கு ஒரு பிளொப்பியில் வந்திருந்தது. அப்பளம் போல மெல்லிய கறுப்புத் தட்டு.

அங்கே சாமானின் பெயர் முதல் வரும், இங்கே இலக்கம் முதல். அங்கே மாதம் முன்னுக்கு, இங்கே தேதி முன்னுக்கு. அந்தப் பத்தியை இந்தப் பத்திக்குள் விடு என்று மெஷினுக்கு ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொடுத்து, கரண்ட் வருகிற நேரமெல்லாம் குந்தியிருந்தவள் அற்புதராணி. குருநகர்ப் பிள்ளை. வேறு தட்டில் நாலு வரி போட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் வந்தது. கொழும்புத் தட்டை ஒருக்கால் பிரதி எடுத்து வைப்போமே என்றும் கேட்டாள். நல்ல நேரத்துக்கு முன்னம் அதைத் தொடவே கூடாது என்றுவிட்டார் முத்துக்குமாரு. இன்றைக்கு நேரம் வந்ததும் தன் கையாலேயே போட்டார்.

மெஷின் வாசிக்காமல் நின்றதும் அற்புதராணி தட்டை வெளியே எடுத்தாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதை நெஞ்சோடு திருப்பிப் பிடித்து, கடுதாசி உறைக்குள் செருகினாள். அதற்குப் பிறகுதான் பிழை என்ரைதான் என்றாள், தண்ணீர் பட்ட இடத்தில் வைத்துவிட்டேன் என்றாள்.

"தண்ணிக்குள்ளை வைக்கவோ உனக்குச் சம்பளம் தாறன்?"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

எதிர்க்கடை நமசிவாயம்தான் அதைக் கவனித்தது.

"எட முத்துக்குமாரு, பிள்ளை தட்டையும் எல்லோ கொண்டு போகுது. இனி நீ என்ன விலைக்கு வாங்கினனீ எண்டு மறந்தால் என்னைக் கேள், சொல்லுறன்."

எல்லாரும் சிரித்தார்கள். சாமானை என்ன விலைக்கு வாங்கினார் என்பது முத்துக்குமாருவுக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய யாவாரமே அந்த ஒன்றில்தான் நிற்கிறது. மிச்சமெல்லாம் பேரம். அது வெளியே போனால் பெரியகடையில் அவரோடு பேரம் பேச ஆர் பயப்படுவான்? கேட்ட சம்பளத்தில் பாதிக்குப் பேசி முடித்துச் சேர்த்த பிள்ளை அவள். மிச்சப் பாதியை இப்படித் தேடுகிறாளாக்கும். நமசிவாயமும் சேர்ந்து செய்த வேலையோ, ஆர் கண்டது?

வந்தவர்களைப் பலகாரத்தோடு அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

குருநகரில் அவள் வீட்டு வாசலிலேயே சத்தம் போடத் தொடங்கினார். தாய் செபஸ்தியம்மா ஓடிவந்து கையைக் காட்டி மறித்தாள்.

"மெல்லமாய் வாங்கோ ஐயா. பிள்ளை உங்கடை சாமானைத்தான் காயவைக்கிறாள். தூசி பட்டால் பிறகு ஒண்டும் செய்யேலாதாம்."

உள்ளே மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. துணிக்கு மேல் மண்ணிறத்தில் வட்டமாய் ஒரு மெல்லிய தகடு, ஈரத்தோடு. பக்கத்தில், ஓரம் வெட்டிய அந்தத் தட்டின் கறுப்பு மேலுறை. அற்புதராணி குனிந்து பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ரை கணக்கை வெட்டிப்போட்டியோ?"

அவள் நிமிரவில்லை. உள்ளே இருக்கிற தகட்டை எடுத்துக் கழுவியிருப்பதாகச் சொன்னாள். காய்ந்ததும் புதுப் பிளொப்பி ஒன்றின் உறைக்குள் வைத்தால், ஒருமுறையாவது மெஷின் வாசிக்கக் கூடும். ஒருமுறை வாசித்தால் போதும், கணக்கு முழுவதும் ஏறிவிடும். பின்னேரம் கடைக்கு வந்து ஏற்றித் தந்துவிட்டுப் போய்விடுவாளாம்.

முத்துக்குமாருவுக்கு மூச்சு வந்தது. ஆனால் வாய் அடங்கவில்லை. ஒரு பொருளைப் புரட்டிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லையே.

"தண்ணி பட்டுத்தானே பழுதெண்டனீ? பிறகேன் தண்ணியிலை கழுவுறாய்?"

செபஸ்தியம்மா மகளை ஒருக்கால் பார்த்தாள். பிறகு அந்தக் கறுப்பு உறையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

உறையில், தகடு வெளியே தெரிகிற அந்த நீட்டு வெட்டுக்கு நேர் மேலே, அப்பிக் காய்ந்துபோன சந்தனம். நடுவில் குங்குமம். சுவரில் சிலுவை தொங்கும் வேதக்கார வீட்டில் இல்லாத சாமான்.

முத்துக்குமாரு தன் மோதிர விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

உறையை மேசையில் திருப்பி வைத்தார். பிறகு கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்லை?"

அற்புதராணி பஞ்சை மாற்றிக்கொண்டு சொன்னாள்: "நல்ல நாளிலை, நீங்கள் சாமிக்கெண்டு வைச்ச பொட்டாலைதான் கெட்டது எண்டு உங்கடை ஆக்களுக்கு முன்னாலை எப்பிடி முதலாளி சொல்லுறது? பிழை என்ரையெண்டால் வேலை மட்டும்தானே போகும்."