கேஸ் அக்கா

"பாவம், அந்தம்மாவுக்கு இன்னும் சொல்லலைபோல."

எதிர்த்தரப்புக் குழுவின் தலைவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, தன் உதவியாளரிடம் அவர்கள் மொழியில் சொன்னார். "அவங்க மந்திரி நேத்தே போன்ல விட்டுக்கொடுத்துட்டார். கொஞ்ச நேரம் கத்தட்டும், விடு."

உதவியாளர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். மேசைக்கு எதிரே இருப்பவர்களிடம் சொல்வதைத்தான் அவர் மொழிபெயர்ப்பார். பக்கத்து ஆளிடம் முணுமுணுப்பது அவர் கணக்கில் வராது.

மேசைக்கு இந்தப் பக்கம் அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்டிலிருந்து எரிவாயு வாங்கும் பேச்சு என்றாலே வெளியுறவுத் துறை அவளைத்தான் அனுப்பும். இருபது வருஷமாக இதே வேலை, எதிரே பெரும்பாலும் இதே ஆட்கள். எதிராளி எந்த விலைக்கு இறங்குவான் என்று அவளுக்கு மட்டும் முன்கூட்டியே வாசம் அடித்துவிடுமாம். அதனால் அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் 'கேஸ் அக்கா' என்று பெயர். சித்திக்கு அவள் உத்தியோகம் இன்றுவரை பிடிபடவில்லை. சமையல் சிலிண்டர் சீக்கிரம் வர ஏதாவது செய்யேன் என்பாள்.

இந்த முறை அவளுக்கு விலை முக்கியமில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். என்ன தகராறு வந்தாலும் குளிர்காலத்தில் குழாயை மூடக் கூடாது.

போன தகராறில் மூடினார்கள். அவள் ஊர்ப் பனியில் வீடுகளைச் சூடாக்க அந்த எரிவாயுவை விட்டால் வேறு வழியில்லை. அவளுடைய அத்தை, வீட்டிலிருந்த துணியையெல்லாம் போர்த்திக்கொண்டும் நடுக்கம் நிற்காமல், காய்ச்சல் கண்டு போய்ச்சேர்ந்தாள். இதே தலைவர்தான் பூங்கொத்து அனுப்பினார்.

அவள் எழுந்து வெளியே போய் மந்திரிக்குப் போன் போட்டாள். செயலாளர் எடுத்தார்.

"மந்திரி மீட்டிங்ல இருக்காரு மேடம். நீங்க பேசிட்டே இருங்க, நல்லாத்தானே போகுது?"

அந்த இழுப்பிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. அவளை முன்னால் உட்கார வைத்துவிட்டு, அந்த நிபந்தனையைப் பின்வாசல் வழியாக விற்றுவிட்டார்கள். நாளைக்குக் கையெழுத்தாகிற வரை மேசையில் ஒரு பொம்மை வேண்டும், அவ்வளவுதான். மந்திரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு அந்த மனிதர் லைனில் வர வேண்டுமே.

திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலைவரை நேராகப் பார்த்தாள்.

"அந்தம்மாவுக்கு இப்ப சொல்லியாச்சு. வாங்க, குளிர்கால நிபந்தனைலேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார், அப்படியே மூடிக்கொண்டார். அவருக்கு அங்கே வேலையில்லை. அவள் பேசியது அவர்கள் மொழியில்.

முதல் போஸ்டிங்கில், கார் நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்து வீட்டிலிருந்த அந்த நாட்டுக்காரியோடு சண்டை போட்டே கற்ற மொழி. கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும். அது தெரியும் என்று இத்தனை வருஷத்தில் எவரிடமும், சொந்த மந்திரியிடம்கூட, அவள் மூச்சு விட்டதில்லை.

தலைவர் ஆரஞ்சுச் சுளையை வாயருகே பிடித்தபடி இருந்தார். இவள் எதிரே உட்கார்ந்துகொண்டு, இருபது வருஷமாக, யாரைப் பற்றியெல்லாம் என்னென்ன முணுமுணுத்தோம் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. தன் அதிபரைப் பற்றிச் சொன்னதும், அது அதிபர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சுளையைத் தட்டில் வைத்துவிட்டு, குளிர்கால நிபந்தனை இருந்த பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.