ஈரச் சட்டை

"இதுவும் வேண்டாம்" என்றான் தம்பி.

மூன்றாவது படகு அது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, இதுல என்ன குறை?"

"வேண்டாம்க்கா, விடு."

வாசலில் நின்றபடியே சொன்னான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்று படகுக்கும் இதே கூத்துதான். படகுத்துறைக்குக் கூட்டிப் போய்க் காட்டுவான். "நாளைக்குச் சொல்றேன்" என்பான். மறுநாள் காலையில் இப்படித் தொப்பலாக நனைந்து வந்து, வேண்டாம் என்பான். அங்கே இன்ஜின் ரிப்பேர் செய்கிறவன், நாலும் தெரிந்தவன் என்று அவனை நம்பியதுதான் தப்பு.

பழையபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான், போதை தெளியத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிறான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. அவனுடைய பழைய சரித்திரம் அப்படி.

உள்ளே, கட்டிலில் அவள் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

எட்டு மாதமாக அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கிய வலது கை, தோளிலிருந்து சும்மா தொங்கியது. ஒருநாள் அவராகவேதான் கேட்டார்.

"கரையோரமா, இடுப்பளவு தண்ணியில, சின்னதா ஒரு பழைய படகு வாங்கி மீன் பிடிச்சா என்ன?"

முதல் படகைப் பார்க்கக் கிளம்பிய அன்று இடது கையாலேயே சவரம் செய்துகொண்டார். தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். அவள் சமையலறைக்குள் போய் அழுதாள், சந்தோஷத்தில்.

அந்த மனுஷனைத் திரும்பவும் கட்டிலில் தள்ளுகிறானே இந்தப் பாவி!

பளபளவென்று இருந்த முதல் படகில் ஓரம் உயரமாம். இரண்டாவது ஒரு பக்கமாகச் சாய்கிறதாம். மூன்றாவதற்குக் காரணமே கிடையாது. தட்டையான அடி, லேசான உடம்பு, முழங்கால் தண்ணீரிலும் தரை தட்டாமல் ஓடுகிற படகு. இவனே சுத்தியலின் கட்டையால் அடிமுதல் நுனிவரை தட்டிப் பார்த்து, "உள்ளே எங்கேயும் உளுத்துப் போகலை" என்று சொன்ன படகு.

"மாமா, இன்னொண்ணு இருக்கு. நாளைக்கே முடிச்சிடலாம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத் தம்பி போய்விட்டான்.

மறுநாள் அந்த நாலாவது படகைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. அகலமாக, அவலட்சணமாக, உடம்பெல்லாம் ஒட்டுப் போட்டு, பெயிண்ட் உரிந்து கிடந்தது. பின்பக்க ஓரம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்திருந்தது. சொந்தக்காரர் யாரென்றால், தம்பியோடு தினமும் உட்கார்ந்து டீ குடிக்கிற மீசைக்காரர்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உன் கூட்டாளி படகை எங்க தலையில கட்டத்தான் நல்ல படகையெல்லாம் தட்டிக் கழிச்சியா? எவ்வளவுடா கமிஷன்?"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, மெதுவா. மாமா காதுல விழப்போகுது."

"விழட்டும்! கை போன மனுஷன்கிட்டயே கமிஷன் அடிக்கிறியே, நீயெல்லாம் என் கூடப் பொறந்தவனா?"

அவன் முகம் செத்துப்போயிருந்தது. குனிந்து படகின் கயிற்றை அவிழ்த்தான். அவனுடைய வலது மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. குடித்துவிட்டு எங்கே விழுந்து கிடந்தானோ என்று அதற்கும் மனசுக்குள் திட்டினாள்.

நல்லவேளை, முன்பே படகில் ஏறியிருந்த அவள் கணவருக்கு இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இடது கையால் பிடியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பியும் ஏறிக்கொண்டான். ஓட்டிப் பார்க்கப் படகு மெல்ல நகர்ந்தது.

மீசைக்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உங்க தம்பி என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். ஆனா நீங்க பேசினதைக் கேட்ட பிறகும் நான் வாயை மூடிக்கிட்டு நின்னா, அது பாவம்."

"உங்க படகு நல்ல படகுன்னு சொல்லப்போறீங்க. அதானே?"

"இடுப்பளவு தண்ணிதானே, எதுல போனா என்னன்னு நினைக்கிறீங்க. அங்கே கீழே பூரா சேறும்மா. தவறி விழுந்தா காலை ஊன முடியாது. ஊன ஊன உள்ளே இழுக்கும். படகைப் பிடிச்சு ஏறினாத்தான் உசிரு."

அவள் கண்கள் தானாகப் படகின் பக்கம் போயின.

"இதை மாமாகிட்ட சொன்னா, மனசு விட்டுப்போய் மறுபடி கட்டில்ல சுருண்டுடுவார்னு பயந்தான். அதனால விடியக்காலையில ஒவ்வொரு படகையும் நாங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டுப் போவோம். இவன் போட்ட சட்டையோட குதிப்பான். திரும்ப ஏறிப் பார்ப்பான். முதல் மூணு படகுலயும் முடியலை. சேத்துல சிக்கித் திணறினவனை நான்தான் இழுத்துப் போட்டேன். இது ஒண்ணுலதான் ஏறினான்."

"என்னங்க கதை விடறீங்க? பன்னெண்டு வயசுல இருந்து தண்ணியிலேயே கிடக்கிறவன். அவனுக்கா படகுல ஏற முடியலை?"

"ரெண்டு கையும் இருந்தா எதுல வேணும்னாலும் ஏறுவான்மா. குதிக்கிறதுக்கு முன்னாடி, 'வலது கையை முதுகுக்குப் பின்னால இறுக்கிக் கட்டிவிடுண்ணே'ன்னு என்கிட்ட கயித்தை நீட்டுவான்."