பிளாஞ்ச் பரீட்சை

"பம்பிலை நாலு ஓட்டை, வால்விலை எட்டு ஓட்டை. ரெண்டும் மூண்டு இஞ்சுக் குழாய்க்குத்தான். நீர் என்ன செய்வீர் தம்பி?"

கேட்டுவிட்டுத் தியாகலிங்கம் கையிலிருந்த இரும்பு வளையத்தைத் தூக்கிக் காட்டினார். இரண்டு குழாய்களை முகத்தோடு முகம் வைத்துப் போல்ற் பூட்டுகிற பிளாஞ்ச் அது. எதிரே சேட்டும் கழுத்தில் ரையுமாக இருந்த லோஜன் ரையை ஒருமுறை சரிசெய்துகொண்டான்.

கடைக்கு ஆள் எடுக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உரும்பிராயில் இருபத்தெட்டு வருடமாகக் குழாய்க் கடை நடத்துகிற மனிதர், வேலை கேட்டு வருகிறவனை இப்படித்தான் வறுத்தெடுப்பார். ஆனால் லோஜன் இருந்தது கனடாவில், தெரிந்தது வீட்டு ரீவியில். அவன் கேட்டு வந்ததும் வேலையை அல்ல, அவருடைய ஒரே மகள் நிவேதனாவை.

சாதகம் பொருந்திவிட்டது என்று மனைவி இராசமலருக்கு வாயெல்லாம் பல். தியாகலிங்கம் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. மாப்பிள்ளை எஞ்சினியர் என்று தரகர் சொன்ன அன்றே, எஞ்சினியர் என்றால் பிளாஞ்ச் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் கலியாணப் பேச்சே இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். பிளாஞ்ச் பிழையானால் தண்ணீர் போகும், மாப்பிள்ளை பிழையானால் பிள்ளையின் வாழ்க்கை அல்லவா போகும்!

ரீவியில் லோஜன் வாய் திறக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்து சத்தம் வந்து சேர நேரம் எடுக்கும்தானே என்று தியாகலிங்கம் பெருந்தன்மையோடு பொறுத்திருந்தார். அரை நிமிடத்தில் மறுமொழி வந்தது. இரண்டும் வேறு வேறு நாட்டு அளவு, புதிதாக ஓட்டை போட்டுச் சமாளிக்கக் கூடாது, ஒரே அளவு முறையில் சோடியாக எடுத்துத்தான் பூட்ட வேண்டும் என்றான்.

தியாகலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன மாதம்தான் நீர்வேலி வாழைத் தோட்டக்காரர் ஒருவர், வெளிநாட்டு மருமகன் அனுப்பிய பம்பில் தானே நாலு ஓட்டை கூடப் போட்டுப் பூட்டினார். வாழைக்குப் பாய வேண்டிய தண்ணீரில் அவர் முழுகிவிட்டு, ஈரச் சாரத்தோடு கடை வாசலில் வந்து நின்றார். அந்த மனிதருக்கு இல்லாத புத்தி இந்தப் பெடியனுக்கு இருக்கிறதே!

அடுத்த கேள்வி கடினமானது. வார்ப்பிரும்புப் பிளாஞ்சுக்கு எதிரே எதைப் பூட்டுவீர் என்றார். மறுபடியும் அரை நிமிடம் போனது. தட்டை முகம் உள்ளதைத்தான் பூட்ட வேண்டும், நடுவில் மேடு உள்ளதைப் போட்டு இறுக்கினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும் என்று, தேவாரம் ஒப்புவிக்கிற பிள்ளையைப் போலச் சொல்லி முடித்தான்.

மூன்றாவதாக, தண்ணீர் ஒழுகினால் இடையில் வைக்கிற றப்பர் வாசரை இன்னும் கொஞ்சம் தடிப்பாகப் போட்டால் என்ன என்று ஒரு பொறி வைத்தார். கடையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே விழுந்த பொறி அது. லோஜன் குனிந்து, நிமிர்ந்து, சொன்னான்.

"பிளாஞ்சிலை விட்ட பிழையை வாசர் மூடாது அங்கிள்."

தியாகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தெட்டு வருடமாகக் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லி வருகிற வசனம் அது. கடல் கடந்து இருக்கிற ஒருவன் அதையே சொல்லுக்குச் சொல் சொல்கிறான் என்றால் இது போன பிறப்புத் தொடர்பு இல்லாமல் வேறென்ன?

அவர் மனத்தை அரித்தது நிவேதனாதான். பள்ளிக்கூடம் விட்டால் கடையிலேயே வளர்ந்த பிள்ளை, ஆனால் பிடிவாதக்காரி. வந்த ஆறு சம்பந்தங்களையும் தட்டிக் கழித்தவள், இன்றைக்கும் மூலைக் கதிரையில் குனிந்த தலை நிமிராமல் போனை நோண்டிக்கொண்டு இருந்தாள். மாப்பிள்ளையை ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தங்கமான பெடியனை இவள் கைநழுவ விடப் போகிறாளே!

இராசமலருக்கும் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று மகளிடம் போனாள்.

"மாப்பிள்ளை கதைக்கேக்கை உனக்கென்னடி போன் வேண்டிக் கிடக்கு? தா இஞ்சை."

போனைப் பறித்துக்கொண்டு வந்து தன் மடியில் வைத்துக்கொண்டாள். நிவேதனா பதறி எழும்பினாள், பிறகு தலையைக் குனிந்தபடி கதிரையில் இருந்துவிட்டாள். வெட்கம் வந்துவிட்டதாக்கும், இனிச் சரிவரும் என்று தியாகலிங்கம் உள்ளுக்குள் மகிழ்ந்தார்.

உண்மையில் அவர் முடிவு எடுத்துவிட்டார். ஆனாலும் பரீட்சை என்று தொடங்கினால் முறையாக முடிக்க வேண்டும் அல்லவா? மாப்பிள்ளைக்குச் சிரமம் கொடுக்காமல், குழாய் பூட்டுகிற எவனும் நித்திரையிலும் சொல்லக்கூடிய ஒன்றாகத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"கடைசிக் கேள்வி தம்பி. எட்டுப் போல்ற்றையும் எந்த ஒழுங்கிலை இறுக்குவீர்?"

அரை நிமிடம் போனது. ஒரு நிமிடமும் போனது. லைன் சரியில்லைப் போல என்று தியாகலிங்கம் எழும்பிப் போய் வைஃபை பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ரீவியில் லோஜன் தொண்டையைச் செருமினான்.

"அன்ரி, நிவேதனாவின்ரை போனை ஒருக்காத் திருப்பிக் குடுங்கோவன்."